நாற்காலி யாருடையது?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குப் பிரியும் வழியில், செம்மண்ணும் முந்திரியும் தொடங்குமிடத்தில் இருக்கிறது குயிலாப்பாளையம். அங்கே பழைய மரச்சாமான்கள் விற்கும் கடையொன்றில்தான் அந்த நாற்காலியைப் பார்த்தோம். கன்னங்கரிய நிறம். முறுக்கிக் கடைந்த கால்கள், முதுகுச் சட்டம் முழுக்கக் கொடியும் பூவுமாய் நெருங்கிய செதுக்கல், பிரம்பு பின்னிய தாழ்ந்த இருக்கை. கையில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. டச்சுக் காலம், பதினேழாம் நூற்றாண்டு என்று எழுதி, நாங்கள் மூவரும் சேர்ந்தாலும் கொடுக்க முடியாத ஒரு விலையும் குறித்திருந்தார்கள்.

யார் செய்தது என்று கேட்டோம். விற்பனையாளர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "டச்சுக்காரன் செஞ்சது சார். நம்மாளுங்களுக்கு நாற்காலி ஏது? எல்லாரும் தரையிலதான குந்திக்கினு இருந்தாங்க."

இந்தக் கட்டுரை அவருக்கு எதிரானதல்ல. அவர் சொன்னதையே நம்முடைய இலக்கியக் கூட்டங்களில், நாகரிகமான தமிழில், அடிக்குறிப்புகளோடு கேட்டிருக்கிறோம். ஐரோப்பியர் நாற்காலியில் அமர்ந்து சிந்தித்தார்கள், நாம் தரையில் அமர்ந்து காலத்தைக் கழித்தோம் என்பது போன்ற ஒரு பேச்சு அது. இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. நாற்காலி சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தது, உலகுக்கு உட்காரக் கற்றுக்கொடுத்தவனே தமிழன்தான் என்பது அது. இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறோம். எதிரெதிராக நிற்பவை போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே ஆளை மறைக்கின்றன என்பது எங்கள் வாதம்.

*

முதலில் ஒப்பீட்டைச் சரிசெய்துகொள்வோம். நம் இடைக்காலத்தை ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஒப்பிடுவதுதான் இந்த வாதத்தின் பழைய பிழை. சோழர் காலத்து வீட்டை அதே காலத்து இங்கிலாந்தின் வீட்டோடு அல்லவா ஒப்பிட வேண்டும்?

இடைக்கால ஐரோப்பாவில் நாற்காலி அரிய பொருள். உழவன் வீட்டில் இருந்தவை முக்காலி, விசிப்பலகை, துணி வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டிதான் இருக்கையும்கூட. பிரபுவின் மாளிகையிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. பெரும் பிரபுக்கள் ஓரிடத்தில் தங்கியவர்கள் அல்லர். ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் பரிவாரத்தோடு நகர்ந்துகொண்டே இருந்தவர்கள். எனவே சாமான்கள் மடக்கவோ கழற்றவோ வண்டியில் ஏற்றவோ தக்கவையாக இருக்க வேண்டியிருந்தது. மரச்சாமானுக்கு இன்றும் பிரெஞ்சு மொழியில் வழங்கும் 'மெபிள்' என்ற சொல்லுக்கே நகர்த்தக்கூடியது என்றுதான் பொருள். சாப்பாட்டு மேசை என்பது தாங்கிகளின்மேல் கிடத்திய பலகை. உண்டு முடித்ததும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள்.

முதுகும் கையும் வைத்த நாற்காலி பெரும்பாலும் அவையில் ஒரே ஒருவருக்கு உரியது. அரசனோ, பிரபுவோ, ஆயரோ அதில் அமர்வார். மற்றவர் பலகையில் அமர்வர் அல்லது நிற்பர். ஆயரின் இருக்கைக்கு லத்தீனில் 'கதேத்ரா' என்று பெயர். அந்த இருக்கை உள்ள கோயிலே கதீட்ரல். ஆங்கிலத்தின் 'சேர்' அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. போர்த்துக்கீசியரின் 'கதெய்ரா'வும் அதே வேர்தான். அதுதான் இலங்கைத் தமிழில் கதிரை ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் திண்ணையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறவர், அறியாமலே ஓர் ஆயரின் அதிகாரத்தில் அமர்கிறார்.

ஆகவே பதினோராம் நூற்றாண்டில் லண்டனில் நின்றாலும் தஞ்சாவூரில் நின்றாலும், பெரும்பான்மை மக்களிடம் நாற்காலி இல்லை. இரண்டு இடத்திலும் உயர்ந்த இருக்கை என்பது அதிகாரத்தின் அடையாளம். நம்மிடம் இல்லாதது ஐரோப்பாவிடம் இருந்தது என்று இடைக்காலத்தைக் காட்டிச் சொல்பவர், இரண்டு இடைக்காலங்களையும் அறியாதவர்.

*

இனி நம் பக்கம். தமிழில் இருக்கைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: கட்டில், அணை, தவிசு, பீடம், மணை, பலகை, அமளி, முக்காலி. இவற்றில் கட்டிலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று அது படுக்கும் பொருள் மட்டுமே. பழந்தமிழில் அரசனின் ஆசனமும் கட்டில்தான். அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன் என்று ஒருவனுக்கு வரலாறே பெயர் வைத்திருக்கிறது. முரசு வைக்கும் கட்டிலில் களைப்பில் படுத்துறங்கிய மோசிகீரனாரை வெட்டாமல், அவருக்குக் கவரி வீசி நின்றான் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. புறநானூற்றின் 50ஆம் பாட்டு அதைச் சொல்கிறது. அந்தப் பாட்டின் வியப்பே, ஓர் இருக்கைக்கு எவ்வளவு புனிதம் இருந்தது என்பதை நாம் முன்கூட்டி உணர்ந்தால்தான் பிடிபடும்.

அரியணையும் கட்டிலும் ஒரே சொல்லாக இருந்ததில் ஒரு வடிவமைப்புச் செய்தி இருக்கிறது. காலைத் தொங்கவிட்டு உட்காருபவனுக்கு ஒடுங்கிய, உயர்ந்த இருக்கை போதும். காலை மடக்கி உட்காருபவனுக்கு அகலம் வேண்டும், உயரம் அவசியமில்லை, கைச்சட்டம் முழங்காலை இடிக்கும். மாமல்லபுரம் புடைப்புச் சிற்பங்களில் சோமாஸ்கந்தரைப் பாருங்கள். சிவனும் உமையும் அகன்ற ஆசனத்தில் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் எட்டாம் நூற்றாண்டுச் சுவர்களில் பல்லவ மன்னர்களின் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முடிசூட்டுக் காட்சிகளில் இருக்கையும் உண்டு, இருக்கைக்கு முன் நிற்பவர்களும் உண்டு. இவற்றை இரும்பொறையின் கட்டிலிலிருந்து தொடங்கும் ஒரு மரபின் கல் பிரதிகள் என்று கொள்வதில் தவறில்லை.

மரத்தில் எதுவும் மிஞ்சவில்லையே என்று கேட்கலாம். கரையானும் கடற்காற்றும் உள்ள நாட்டில் ஆயிரம் ஆண்டு மரம் எங்கே மிஞ்சும்? குயிலாப்பாளையம் இருக்கும் இதே வானூர் வட்டத்தில் திருவக்கரையில் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கிடக்கின்றன. அவை கல்லாகிவிட்டதால் கிடக்கின்றன. சோழர் காலத்துக் கட்டில்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவை பாட்டில் மட்டும் மிஞ்சின. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் தந்தக் கட்டில், செய்த விதத்தோடு வருகிறது. திருப்பாவையின் 19ஆம் பாசுரத்தில் யானைக் கோட்டால் கால் வைத்த கட்டிலும் மெத்தையும் குத்துவிளக்கின் ஒளியில் தெரிகின்றன. இவற்றைப் பக்திக்காகவும் அழகுக்காகவும் ஆயிரம் முறை உரை சொல்லியிருக்கிறோம். தச்சு வேலையின் சான்றாக ஒரு முறையாவது வாசித்தோமா?

உயர்ந்த நாற்காலி தெரியாததால் நம்மவர் தரையில் அமர்ந்தார்கள் என்பதும் சரியல்ல. சீனா தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறியது தாங் காலத்தின் பிற்பகுதியிலிருந்து சொங் காலம் வரையிலான மாற்றம். ஏறத்தாழ நம் சோழர் காலம். சோழத் தூதர்கள் சொங் அரசவைக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் போயிருக்கிறார்கள். நாற்காலி பெருகிவந்த நாட்டுக்குப் போய் வந்தவர்கள் நாற்காலியைப் பாராமல் திரும்பியிருப்பார்கள் என்று நம்புவது கடினம். பார்த்தும் இங்கே அது பரவவில்லை. வெயிலுக்குக் குளிர்ந்த தரையும் பாயும் திண்ணையும் உள்ள வீடு வேறு ஒரு தீர்வைக் கண்டிருந்தது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் தமிழ்ப் பெருமித நண்பர்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறோம். காலைத் தொங்கவிட்டு உட்காரும் கைச்சட்ட நாற்காலி இந்த மண்ணின் வீடுகளுக்குள் வந்தது ஐரோப்பியர் வழியாகத்தான். மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியச் சொற்கள் என்பதே அதற்குச் சாட்சி. தெலுங்கும் கன்னடமும் அரபு வழியில் வந்த 'குர்சி'யைக் 'குர்ச்சி' என்று எடுத்துக்கொண்டன. தமிழோ கால்களை எண்ணி நாற்காலி என்று தானே ஒரு சொல்லைச் செய்துகொண்டது. சொல் நம்முடையது என்பதால் பொருளும் நம்முடையது ஆகிவிடாது. ஆனால் அந்தச் சொல்லில் வேறொன்று இருக்கிறது. கதேத்ரா என்ற சொல் உட்காருவதைக் குறிக்கிறது; உட்காருகிறவனின் சொல் அது. முக்காலி, நாற்காலி என்பவை கால்களை எண்ணுகின்றன. அது செய்கிறவனின் சொல். தச்சனின் கண்ணால் பெயரிடப்பட்ட பொருளுக்குத் தச்சனே இல்லாமற்போன கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறோம்.

*

கோத்திக் நாவலின் தொடக்கம் என்று எல்லோரும் சொல்லும் 'ஒட்ரான்டோ கோட்டை'யை 1764இல் வெளியிட்டவர் ஹொரஸ் வால்போல். தேம்ஸ் நதிக்கரையில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டை இடைக்காலக் கோட்டை போலக் கட்டி, பழம்பொருட்களால் நிரப்பியவர். அவருக்குக் கருங்காலி நாற்காலிகள்மேல் தீராத ஆசை. முறுக்கிய கால், நெருங்கிய செதுக்கல், கரிய நிறம். இவை டியூடர் காலத்து இங்கிலாந்தின் வேலை, இடைக்காலத்தின் கடைசி மூச்சு என்று அவர் முடிவு செய்தார். எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கார்டினல் உல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் அப்படிப்பட்டவற்றைப் பார்த்ததே அவருக்குப் போதுமான ஆதாரம். 1763இல் ஓர் ஏலத்தில் ஒரு தொகுதியை வாங்கிவந்து வீட்டில் வைத்தார். அவரைப் பார்த்து மற்ற சீமான்களும் தேடி வாங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய மரச்சாமான்களைப் பற்றிய நூல்களிலும் அவை டியூடர் நாற்காலிகளாக இடம்பிடித்தன.

உண்மையில் அவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவையே அல்ல. அந்த வகை நாற்காலிகள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கடற்கரையில் செய்யப்பட்டவை. கார்டினல் உல்சி இறந்தது 1530இல். அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் கழித்துக் கடைந்த காலில் அவரை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறது ஒரு தேசம். அமீன் ஜாஃபர் 2001இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்காக எழுதிய, பிரிட்டிஷ் இந்தியாவின், இலங்கையின் மரச்சாமான்களைப் பற்றிய நூலில் இந்த வரலாறு விரிவாகக் கிடைக்கிறது.

சோழமண்டலக் கரை என்றால் எங்கே? டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததும், 1693 முதல் 1699 வரை புதுச்சேரியையே கையில் வைத்திருந்ததும் இந்தக் கரையில்தான். அது கிருஷ்ணா கழிமுகம் வரை நீளும் நெடுங்கரை. துணிக்குப் பேர்பெற்ற கரை மரத்துக்கும் பேர்பெற்றிருந்தது என்பதைத் துணியைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பேசுவதில்லை. கேட்டவன் டச்சுக்காரனாகவோ போர்த்துக்கீசியனாகவோ இருக்கலாம். மாதிரி ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம். கருங்காலியில் உளி இறங்குவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்த கை இந்தக் கரையின் கை. அந்தக் கையின் பெயரை டச்சுக்காரன் எழுதவில்லை. வால்போல் அந்தக் கையையே இல்லாமல் ஆக்கினார்.

இடைக்காலம் இவ்வளவு கருமியாக இருக்கவில்லை என்பதுதான் வேதனை. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் இருக்கும் முடிசூட்டு நாற்காலி முதலாம் எட்வர்ட் ஆணையால் 1300ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. ஸ்காட்லாந்திலிருந்து 1296இல் பறித்துவந்த கல்லை வைப்பதற்காகச் செய்தது. 2023இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியதும் அதில்தான். அதைச் செய்த கலைஞன் வால்டர் என்ற பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. தஞ்சைப் பெரியகோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயர் கல்லில் இருக்கிறது, அதுவும் அரசனின் பெயரையே பட்டமாகத் தாங்கி. எட்வர்டும் இராஜராஜனும் தச்சனை மனிதனாக ஏற்றுக்கொண்டு எழுதி வைத்தார்கள். ஏற்றுமதி வணிகமும் ஏலச் சந்தையும் வந்த பிறகுதான் நாற்காலிக்கு வாங்கியவன் பெயர் மட்டும் மிஞ்சியது.

*

ஒரு மறுப்பை நாங்களே எழுப்பிக்கொள்கிறோம். தரையில் அமர்வதே நம் பண்பாடு, அதுவே உடலுக்கும் நல்லது, நாற்காலியின் வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விரும்பித் தரையில் அமர்வது பண்பாடுதான். விரட்டித் தரையில் அமர்த்துவதற்கு என்ன பெயர்? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் தலைவரான தலித் பெண் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் அமர்ந்திருந்த படம் 2020இல் வெளியாகி நாடே பார்த்தது. குயிலாப்பாளையத்திலிருந்து தெற்கே ஒரு பகல் பயணம்கூட இல்லை. இடைக்காலத்தில் ஒருவருக்கு மட்டும் நாற்காலி, மற்றவர் நிற்க வேண்டும் என்றிருந்த சட்டம் இங்கே பிளாஸ்டிக் நாற்காலியிலும் தொடர்கிறது. தரையின் பெருமை பேசுபவர்கள், தரையில் அமர்ந்தவரிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

புதுவையில் நெடுங்காலம் வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் 'நாற்காலி' என்ற சிறுகதையில் இதைச் சிரித்துக்கொண்டே தொட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த சப்ஜட்ஜ் முக்காலியில் உட்கார்ந்து கவிழ்ந்ததால்தான் அந்தக் குடும்பத்துக்கு நாற்காலி செய்யும் எண்ணமே வருகிறது. செய்து முடித்த நாற்காலியை ஊரார் இரவல் கேட்டு வருகிறார்கள், இறந்தவரை உட்கார வைக்க. அதன் பிறகு வீட்டில் யாருக்கும் அதில் உட்காரப் பயம். நாற்காலி தமிழ் வீட்டுக்குள் நுழைந்த வரலாற்றைச் சொல்ல, எங்களுக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஆவணம் இல்லை. அதிகாரிக்காக வந்து பிணத்துக்குப் பயன்பட்டு, வீட்டாருக்கு அந்நியமாகவே நின்றது.

*

மீண்டும் அந்தக் கடை. அனுமதி கேட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தோம். எங்களில் ஒருவர் தச்சர் குடும்பத்தவர். அடிச்சட்டத்தில் இயந்திரத்தில் கடைந்த திருகாணிகள் இருந்தன. மரம் காலத்தால் கறுத்ததல்ல, சாயத்தால் கறுத்தது. பிரம்புக்கடியில் இழைத்த மரம் இன்னும் வெளிறியிருந்தது. காலின் கழுந்து சட்டத்தில் நுழையும் இடத்தில், இரண்டு பக்கமும் பொருந்தும்படி உளியால் கீறிய கோடுகள்: ஒரு காலுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று, நான்கு. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று தச்சர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் குறி. அந்த நாற்காலியில் கையெழுத்து என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு மேல் வயதில்லாத நாற்காலி. செய்தவர் நிச்சயமாக டச்சுக்காரர் இல்லை. இன்றும் எங்கோ ஒரு பட்டறையில் இழைப்புளியோடு நிற்கும் ஓர் ஆசாரியாக இருப்பார். அட்டையில் அவர் பெயரை எழுதினால் விலை பத்தில் ஒன்றாகிவிடும். அவர் உயிரோடு இருப்பதுதான் அந்த நாற்காலியின் குறை. பதினேழாம் நூற்றாண்டின் தச்சன் வேலையை இங்கிலாந்தின் இடைக்காலம் என்று விற்றார்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் தச்சன் வேலையை டச்சுக் காலம் என்று விற்கிறார்கள். முதலாவதை அறியாமை என்று மன்னிக்கலாம். இரண்டாவதை அப்படி மன்னிக்க முடியாது.

எனவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. பழைய சாமான் விற்பவர்கள் எந்த ஊரில், எந்த வீட்டில் வாங்கினோம் என்பதை எழுதி வைக்கட்டும். வாங்கிய கட்டிலின் காலை அறுத்து மேசைக்கு வைப்பதற்கு முன் ஒரு படமாவது எடுக்கட்டும். புதிதாகச் செய்ததைப் புதிது என்று சொல்லி, செய்தவர் பெயரோடு விற்கட்டும். வாங்குபவர்கள் எந்தக் காலத்தது என்று கேட்பதற்கு முன் யார் செய்தது என்று கேட்கட்டும். நம் ஆய்வாளர்கள் கழுந்து, காடி, கடைசல், வாய்ச்சி என்று பட்டறையில் வழங்கும் சொற்களை, அந்தச் சொற்களோடு பிறந்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதட்டும். நெடுநல்வாடைக் கட்டிலுக்கு உரை எழுதுபவர் ஒரு முறையாவது ஓர் ஆசாரியோடு உட்கார்ந்து அதைப் படிக்கட்டும்.

கிளம்பும்போது விற்பனையாளரிடம் அந்த உளிக் கீறல்களைக் காட்டினோம். குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை நிமிர்த்தி வைத்து, அட்டையின் எழுத்து வெளியே தெரியும்படி திருப்பிவிட்டார்.